எங்கள் கோப்பை எங்கள் கையில்

(வன்னியில் வாழும் மலையக உறவுகளோடு கிளிநொச்சியில் நடந்த சங்கக் குடும்ப ஒன்றுகூடலில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

இரவு முழுவதும் பஸ்ஸில் ஆடிக்கொண்டு மலையிலிருந்து வந்து சேர்ந்த உறவுகளே! இங்கே வன்னி மண்ணிலேயே வேரூன்றி, எங்களுக்காக விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டிவிட்டுக் காத்திருந்த உறவுகளே!

சம்பளம், வீடு, காணி, சேமலாப நிதி என்று சங்க மேடையில் பேச எவ்வளவோ இருக்கின்றன. ஆனால் இன்று ஒரு கோப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். போன வருடம் இதே இடத்தில் இந்தக் கோப்பையை வைத்துத்தான் வாக்குவாதம் நடந்தது. அன்று எங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலோடுதான் இன்று வந்திருக்கிறோம்.

போன வருடம் வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறோம்.

அன்றும் இரண்டு பஸ்களில் வந்தோம். முறிகண்டியில் நிறுத்தினோம். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் இந்த ஏ9 வீதியில் கடந்து போகிற சாரதிகள் குறைவு. தேங்காய் உடைத்தோம், கச்சான் வாங்கினோம், தேத்தண்ணி குடித்தோம். கூட்டம் அதிகம் என்பதால் கடைக்காரர் பேப்பர் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு, வேறு எல்லோரும் போட்ட இடத்திலேயே நாமும் போட்டோம். அந்த மரத்தடியைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்கள் பேச்சைக் கேட்டு நிமிர்ந்து பார்த்து, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். அவரும் எங்கள் ஆள்தான். தாயும் தகப்பனும் மலையை விட்டு வந்தவர்கள், தான் இங்கேதான் பிறந்ததாகச் சொன்னார். எங்கள் ஆட்கள் குடித்துப் போட்டதை எங்கள் ஆளே குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறிய பிறகு யாருக்கும் பேச்சு வரவில்லை.

அந்த உறுத்தலோடு இங்கே வந்து, "அடுத்த முறை எல்லோரும் சொந்தக் கோப்பை கொண்டு வர வேண்டும்" என்று மேடையில் அறிவித்துவிட்டோம். கை தட்டுவார்கள் என்று நினைத்தோம்.

அப்போது ஒரு தாய் எழுந்தார். 1977 கலவரத்தில் லயத்தை இழந்து, சின்னப் பிள்ளையாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்தவர். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறோம்:

"நான் வேலைக்குப் போன வீட்டுல எனக்குன்னு ஒரு தகரப் பேணி இருந்துச்சு. எறவானத்துல சொருகி வச்சிருப்பாங்க. நானே எடுத்து, நானே கழுவி நீட்டணும். தூக்கிப் புடிச்சு ஊத்துவாங்க. அந்தப் பேணியை விட்டுட்டு, கடையில எல்லாரும் குடிக்கிற கிளாஸ்ல குடிக்க எனக்கு எத்தனை வருசம் ஆச்சு தெரியுமா? இப்ப நீங்களே வந்து சொந்தக் கோப்பை கொண்டு வான்னு சொல்றீங்களே?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. எங்களுக்கும் வாய் அடைத்துப் போனது. எங்கள் அறிவிப்பை அன்றே திரும்பப் பெற்றுக்கொண்டோம். மலைக்குத் திரும்பிய பிறகு தோட்டக் கிளைகளில் இதைப் பேசினோம். பேசப் பேசத்தான் அந்தத் தாயின் கேள்வி எவ்வளவு பெரியது என்று விளங்கியது.

தோழர்களே, கோப்பை வெறும் பாத்திரம் அல்ல. யார் யாரோடு சமமாக உட்காரலாம் என்று தீர்மானித்த பொருள் அது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்குத் தேநீர்க் கடைகளில் கிளாஸ் கிடையாது. வெளியே நிற்க வைத்துப் போத்தலிலும் தகரப் பேணியிலும் சிரட்டையிலும் ஊற்றினார்கள். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தும் பல கடைகளில் கிளாஸ் வரவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. பொலிசார் தடியடி நடத்தினார்கள். அதன் பிறகு தேநீர்க் கடைப் பிரவேசத்துக்காகவும் ஆலயப் பிரவேசத்துக்காகவும் வருடக்கணக்கில் போராட்டம் நடந்தது. உயிர்களும் போயின. ஒரு கிளாஸ் தேத்தண்ணியைச் சமமாக உட்கார்ந்து குடிப்பதற்கு மனிதர்கள் இரத்தம் சிந்த வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு இரட்டைக் குவளை முறை என்று பெயர். ஊருக்கு ஒரு குவளை, சேரிக்கு ஒரு குவளை. வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்திய ரயில் நிலையங்களில் இந்துத் தண்ணீர் என்றும் முஸ்லிம் தண்ணீர் என்றும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். பிரயாணத்தில் தாகம் எடுத்தவனிடம்கூட முதலில் நீ யார் என்றுதான் கேட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரட்டைக் குவளைக்குச் சட்டத்தின் பயம் வந்த பிறகு, தமிழ்நாட்டில் சில ஊர்க் கடைகளில் தலித் மக்களுக்கு மட்டும் எறியும் கோப்பையில் கொடுக்கத் தொடங்கினார்கள். மற்றவர்களுக்குக் கிளாஸ். எறிகிற கோப்பை சுத்தமானது, நாகரிகமானது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பின்னாலும் பழைய சிரட்டை ஒளிந்திருக்க முடியும்.

ஆகவே அந்தத் தாய் கேட்டது நியாயமான கேள்வி. "உன் கோப்பையைக் கொண்டு வா" என்று அடுத்தவன் சொன்னால் அது அவமதிப்பு. அதையே சங்கமும் கட்டளையாகச் சொன்னால் பழைய புண்ணைக் கிளறுவதாகத்தான் இருக்கும். சொன்ன விதம் தவறு. அதற்காக நிர்வாகக் குழு இந்த மேடையில் மன்னிப்புக் கேட்கிறது.

அப்படியானால் கோப்பைப் பேச்சை விட்டுவிடலாமா? அதுவும் முடியாது. மரத்தடியில் குனிந்து பொறுக்கிய அம்மாவுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் எங்கள் சொந்தக் கணக்கு. இரண்டு பஸ்ஸில் 100 பேர். வரும்போது இரண்டு இடத்தில் தேத்தண்ணி, போகும்போது இரண்டு இடத்தில். ஒரே பயணத்தில் 400 கோப்பை. தண்ணீர்ப் போத்தல் இந்தக் கணக்கில் இல்லை.

பேப்பர் கோப்பைதானே, மக்கிப் போகும் என்று சிலர் சொல்கிறார்கள். வெறும் கடதாசியில் கொதிக்கிற தேத்தண்ணியை ஊற்றினால் கரைந்துவிடும். கரையாமல் இருப்பதற்காக உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறார்கள். இந்தியாவில் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் இதைச் சோதித்தார்கள். 100 மில்லிலீற்றர் சூடான பானம் அந்தக் கோப்பையில் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்று கண்டார்கள். கொழுந்து எடுத்து, வாட்டி, அரைத்து, சலித்து நாம் உண்டாக்குகிற தேயிலையோடு அதையும் சேர்த்து விழுங்குகிறோம்.

எங்கள் நாட்டில் 2023 ஒக்டோபர் 1 முதல் ஒரு தடவை பாவித்து எறியும் பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாய், இடியப்பத் தட்டு, மாலை ஆகியவற்றுக்குத் தடை இருக்கிறது. தடை வந்த இடத்தில் பேப்பர் கோப்பை வந்து உட்கார்ந்துகொண்டது. குப்பை குறையவில்லை.

அந்தக் குப்பை எங்கே போகிறது? கடைக்குப் பின்னால் எரிகிறது. காற்றில் பறந்து வாய்க்காலில் விழுகிறது, வாய்க்கால் குளத்துக்குப் போகிறது. வன்னியில் குளம்தான் வயலுக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் உயிர். அம்பாறையில் பள்ளக்காடு குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்ற யானைகள் செத்து விழுந்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். இந்த ஏ9 வீதியின் இரண்டு பக்கமும் யானைக் காடுதான்.

அடுத்தது பணக் கணக்கு. 2025 ஏப்ரல் முதல் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு அரசாங்கம் வைத்த உச்ச விலை 100 ரூபா. நான்கு பேர் உள்ள குடும்பம், ஆளுக்கு இரண்டு போத்தல் என்றால் ஒரு வழிக்கு 800 ரூபா. திரும்பி வர இன்னும் 800. ஏறக்குறைய ஒரு நாள் சம்பளம் வெறும் தண்ணீருக்குப் போகிறது. மலையில் ஊற்றுத் தண்ணீரில் வளர்ந்த நாம், மலை இறங்கியதும் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

காசைப் பார்த்து வாங்காமலே இருந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். பஸ் ஏறுவதற்கு முன்பே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். காசு மட்டும் காரணம் அல்ல. வழியில் கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம். குளிரில் வாழ்கிறவர்கள் இந்த வெயிலுக்குள் வந்து, பத்து மணித்தியாலம் வாய் நனைக்காமல் இருந்தால் உடம்பு என்ன ஆகும்? காரணம் இன்னதென்று சரியாகக் கண்டுபிடிக்கப்படாத சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களிலும் பலரை வாட்டுகிறது. இந்தப் பூமியில் தாகத்தை அடக்கிப் பழகக் கூடாது.

இந்த வழியில் தாகத்தோடு வந்த முதல் ஆட்களும் நாம் அல்ல. எங்கள் பாட்டன் பூட்டன் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, இந்த வன்னிக் காட்டு வழியாகத்தான் மாத்தளைக்கு நடந்து போனார்கள். தண்ணீர் இல்லாமலும், கிடைத்த தண்ணீரைக் குடித்துக் கொலரா வந்தும் எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தார்கள். அவர்களை நினைத்துத்தான் 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடித்த அந்த நடைபயணம் நடந்தது. மலையகம் 200 என்று நாடெல்லாம் பேசியது. மன்னாரிலிருந்து மலைக்குப் போனவர்களின் பிள்ளைகள்தான் 58இலும் 77இலும் 83இலும் அடிபட்டு, மலையிலிருந்து திரும்பவும் இதே வன்னிக்கு வந்தார்கள். 200 வருடமாக இந்தப் பாதையில் போய் வருகிற மக்கள் நாம். வழித் தண்ணீர் எங்களுக்குச் சின்ன விசயம் அல்ல.

இப்போது பதிலுக்கு வருகிறோம். தோட்டக் கிளைகள் கூடிப் பேசி நான்கு முடிவுகளுக்கு வந்திருக்கின்றன.

முதலாவது. கடையில் கிளாஸ் இருந்தால் கடைக் கிளாஸில்தான் குடிப்போம். வாங்கில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கொடுக்கிற அதே கிளாஸில் குடிப்போம். ஆயிரம் வாய் குடித்தாலும் கழுவி வைத்தால் அது மறுபடியும் புதுக் கிளாஸ்தான். குப்பையும் இல்லை, ஏற்றத்தாழ்வும் இல்லை. அந்தத் தாய் வருடக்கணக்கில் காத்திருந்து வென்ற கிளாஸ் அது. அதை நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். யாருக்காவது கிளாஸும் எங்களுக்கு மட்டும் எறியும் கோப்பையும் நீட்டினால், ஏன் என்று கேட்போம். சங்கம் உடன் நிற்கும்.

இரண்டாவது. கடையில் எறியும் கோப்பை மட்டும்தான் என்றால், அங்கே எங்கள் சொந்தக் கோப்பையை நீட்டுவோம். இது யாரும் நம்மைத் தள்ளி வைத்ததால் எடுக்கிற கோப்பை அல்ல. எறிகிற கோப்பை எங்களுக்கு வேண்டாம் என்று நாமே தீர்மானித்து எடுக்கிற கோப்பை. ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல், எடுத்துச் செல்ல விற்கும் பானத்தை விரும்புகிறவர்களுக்குக் கழுவிப் பாவிக்கும் கோப்பையில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சின்னக் கடை என்றால் ஆட்கள் கொண்டு வரும் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். அங்கே சொந்தக் கோப்பை நீட்டுகிறவனை யாரும் கீழாகப் பார்ப்பதில்லை. இங்கேயும் பார்க்க விடக் கூடாது.

மூன்றாவது. யாரையும் வற்புறுத்த மாட்டோம். கோப்பை கொண்டு வராதவரைக் கேலி செய்யக் கூடாது. வாங்க வசதி இல்லாதவர்களுக்குக் கிளையின் பொதுப் பணத்திலிருந்து வாங்கிக் கொடுப்போம். ஆனால் பெயர் எழுதி, சாதிக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என்று பிரித்து வைக்க மாட்டோம். பஸ்ஸில் ஒரு பெட்டி நிறையப் பொதுக் கோப்பைகள் இருக்கும். யாரும் எதையும் எடுத்துக் குடிக்கலாம், குடித்தவர் கழுவி வைக்க வேண்டும். கழுவும் வேலை தாய்மார் தலையில் விழக் கூடாது. இதைச் சொன்னபோது சில தோழர்கள் கூரையைப் பார்த்தார்கள். திரும்பவும் சொல்கிறோம், குடித்தவர் கழுவ வேண்டும்.

நான்காவது. கோப்பை மட்டும் இருந்து பயன் இல்லை, ஊற்றுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், இறங்குவதற்குக் கழிப்பறை வேண்டும். தூர பஸ்கள் நிற்கும் இடங்களில் காசில்லாமல் பிடிக்கக்கூடிய குடிநீர்க் குழாயும், பெண்கள் பயமில்லாமல் போகக்கூடிய சுத்தமான கழிப்பறையும் வைக்க வேண்டும் என்று பிரதேச சபைகளுக்கும் பஸ் சேவையினருக்கும் மனு எழுதியிருக்கிறோம். இன்று கூட்டம் முடிந்து போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் மடு மாதா திருவிழாவுக்கும் போகிறவர்களுக்குத் தாகசாந்தி நிலையம் தெரியும். சர்க்கரைத் தண்ணியும் மோரும் முகம் பார்க்காமல் ஊற்றுவார்கள். திருவிழா நாட்களில் கொடுக்கத் தெரிந்த நமக்கு, மற்ற நாட்களில் ஒரு குழாய் வைப்பது பெரிய காரியமா?

இனிச் சில நடைமுறை விசயங்கள். எவர்சில்வர் கோப்பை நல்லது, விழுந்தாலும் உடையாது. பிடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் கை வெந்துவிடும். பிளாஸ்டிக் கோப்பையில் கொதிக்கிற தேத்தண்ணி வாங்காதீர்கள். கடையில் கேட்கும்போது கோப்பையைக் கழுவிக் காய்ந்த நிலையில் நீட்டுங்கள். பால்தேத்தண்ணி குடித்த கோப்பையை அப்படியே பைக்குள் வைத்தால் அடுத்த முறை பிள்ளைக்குத்தான் வயிற்றுப்போக்கு. கடைக்காரர் அளவுக்குப் பயப்படுவார், எங்கள் கோப்பை பெரிதாக இருந்தால் அவருக்கு நட்டம். அவருடைய கிளாஸால் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீருக்கு வீட்டிலிருந்தே கொதித்தாறிய தண்ணீர் கொண்டு வாருங்கள். முடிந்தால் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சுத்திகரித்த குடிநீர் விற்கிற இடங்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது தேத்தண்ணிப் போத்தலை மறக்காத நமக்கு, பயணத்துக்கு ஒரு கோப்பையை எடுத்து வைப்பது புதுப் பழக்கம் அல்ல.

இன்று காலை முறிகண்டியில் நிறுத்தினோம். நான்கு கடையில் பிரிந்து உட்கார்ந்தோம். இரண்டு கடையில் கிளாஸ் இருந்தது, கிளாஸில் குடித்தோம். மற்ற இரண்டில் பெட்டியைத் திறந்து கோப்பையை நீட்டினோம். ஒரு கடைக்காரர், "பேப்பர் கப் மிச்சம்" என்று சொல்லிப் பத்து ரூபா குறைத்துக்கொண்டார். அரை மணித்தியாலம் அதிகமாகத் தாமதமானது உண்மைதான். சாரதித் தம்பி முணுமுணுத்தார், அதுவும் உண்மைதான். போன வருடம் பார்த்த அந்த அம்மாவைத் தேடினோம், அவர் இன்று வேலைக்கு வரவில்லை. ஆனால் மரத்தடியில் எங்கள் கோப்பை ஒன்றும் இல்லை.

தோழர்களே, போன வருடம் கேள்வி கேட்ட தாய் இன்றும் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, நீங்கள் கேட்டிருக்காவிட்டால் இந்த நான்கு முடிவில் முதலாவது இருந்திருக்காது. நாங்கள் குப்பையை மட்டும் பார்த்தோம். நீங்கள் மனிதரைப் பார்க்கச் சொன்னீர்கள்.

இப்போது தேத்தண்ணி நேரம். அந்த மேசையில் கிளாஸும் இருக்கிறது, பெட்டியில் கோப்பையும் இருக்கிறது. முதல் தேத்தண்ணி உங்களுக்குத்தான் அம்மா. எதில் ஊற்றுவது என்று நீங்களே சொல்லுங்கள்.